இரவிலும் தணியாத வீட்டு வெப்பம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு மேல்தளத்தில் உள்ளது. வெயில் தாழ்ந்தபின் வெளியே காற்று வீசினாலும் படுக்கையறைக்குள் அனலடிக்கிறது. இரவு முழுவதும் ஏ.சி. ஓடினால்தான் உறங்க முடிகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அதை அறைக்குள் தேடாமல் மொட்டை மாடியில் தேட வேண்டும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் கழித்தே கீழே இறக்குகிறது. எனவேதான் வெளிக்காற்று தணிந்தபிறகும் உங்கள் அறை தகிக்கிறது. இன்றிரவு படுக்கும் முன் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து வெகுநேரமாகியும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏ.சி. அறைக் காற்றை மட்டுமல்லாமல், தளமும் சுவரும் ஓயாமல் விடும் இந்தச் சூட்டையும் எதிர்த்து உழைக்க வேண்டியிருப்பதால், அதை நிறுத்திய சிறிது நேரத்திலேயே புழுக்கம் திரும்பிவிடுகிறது.

ஆகவே, பெரிய ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் செலவை மொட்டை மாடியில் செய்யுங்கள். கறுத்துப்போன தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். தரமான வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு, புதிதாக இருக்கும்போது, சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரண வெள்ளைச் சுண்ணாம்பும் பயன் தரும், ஆனால் மழையில் கரைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் புதுப்பிக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடுங்கள். மாடியில் நிழல்வலைப் பந்தல் போட முடிந்தால் இன்னும் நல்லது. வலைக்கும் தளத்துக்கும் நடுவே காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறுமாறு உயர்த்திக் கட்டுங்கள். வாடகை வீடாக இருந்தால், வெயிலில் விரிந்து சுருங்குவது குறைவதால் தளத்தில் விரிசல் விழும் வாய்ப்பும் குறையும் என்று உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: கனமான திரைச்சீலை போட்டும் மாலையில் கூடம் கொதிக்கிறது. ஜன்னலைப் பகலில் திறப்பதா, மூடுவதா?

பதில்: திரைச்சீலை ஓரளவே உதவும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சுட வைக்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் பரவுகிறது. அதே வெயிலை ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியால் மறித்தால், சூடாகும் தட்டி தன் சூட்டை வெளிக்காற்றிலேயே விட்டுவிடும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு இது கட்டாயம் தேவை. காலை, மாலை வெயில் சாய்வாக விழுவதால் மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது.

திறப்பதா மூடுவதா என்பதை வெப்பமானி சொல்லட்டும். ஒன்றை அறையிலும் மற்றொன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். வெளியே சூடு அதிகமென்றால் மூடுங்கள். குறைந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, விடியும்வரை காற்று குறுக்கே ஓட விடுங்கள். சுவர்கள் அப்போதுதான் ஆறும். சமைக்கும்போது மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் எக்ஸாஸ்ட் விசிறியை ஓட விடுங்கள்.

கேள்வி: அறையில் ஈரத்துணியைத் தொங்கவிட்டால் குளிருமா?

பதில்: வறண்ட காற்றுள்ள இடங்களில், ஜன்னல் திறந்திருந்தால் குளிரும். கடலோரம் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில், அல்லது பூட்டிய அறையில், வியர்வை உலராமல் புழுக்கம்தான் கூடும்.

கேள்வி: வயதான என் தாயார் மின்கட்டணத்துக்கு அஞ்சி ஏ.சி. வேண்டாம் என்கிறார். மின்விசிறி மட்டும் போதுமா?

பதில்: எல்லா நாளும் போதாது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. முதுமையில் வியர்ப்பது குறைவதால் அந்த உதவியும் குறைகிறது. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடல் சூட்டைக் கூட்டவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அத்தகைய நாள்களில் சிக்கனம் பாராமல் ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள். 27 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 23 டிகிரிக்குச் செலவாகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி மிச்சமாகும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பேச்சு குழறினாலோ, மனக்குழப்பம் தெரிந்தாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, ஈரத்துணியால் உடலைத் துடைத்தபடியே உடனடியாக ஆம்புலன்ஸை அழையுங்கள்.