கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியலுக்குக் கொடுப்பது என்றால் என்ன?

நாம் பயன்படுத்தாத நேரத்தில் நம் கணினியின் கணக்கிடும் திறனை ஆய்வாளர்களுக்கு இரவலாகத் தருவதே இது. புரத மூலக்கூறுகள் மடிந்து தம் வடிவத்தைப் பெறுவதை ஆராய்வது போன்ற பணிகளில் கணக்குகள் மலைபோல் குவிகின்றன. அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க முடியும் என்பதால், திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு கூடைப் பூவை வாங்கிச் சரமாகக் கட்டிக் கோயிலில் சேர்ப்பது போல, ஒவ்வொரு கணினியும் தன் துண்டை முடித்து இணையம் வழியே அனுப்பிவிடுகிறது. 1999-இல் தொடங்கிய ஸெட்டி அட் ஹோம் திட்டம், வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளை 2020 வரை இப்படித்தான் தேடியது.

சேர விரும்புவோர், நம் கணினியை இத்தகைய திட்டங்களோடு இணைக்கும் பாயிங்க் (BOINC) மென்பொருளை நிறுவலாம். அது கட்டற்ற உரிமத்தில் வெளியாவதால் அதன் மூலநிரலை எவரும் படித்துச் சோதிக்கலாம். முன்பின் அறியாதவர்களின் வேலையை நம் கணினிக்குள் அனுமதிக்கும்போது இதையே முதன்மையான பாதுகாப்பாகக் கருதுகிறேன். அலுவலகக் கணினியில் அனுமதியின்றி நிறுவ வேண்டாம்.

சும்மா கிடக்கும் கணினிதானே, செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கிடும்போது செயலி கூடுதல் மின்சாரம் இழுப்பதால் மின்கட்டணம் உயரும்.