கார்டியாலஜியை விட்டுவிட்டுக் காய்ச்சல் படிப்பா?

ஐயா, வணக்கம்.

நேற்று போனில் நீங்கள் பேசும்போது குரலே சரியில்லை. "எம்.டி. முடித்த பொண்ணு, கார்டியாலஜிக்கே போகலாம். இவள் என்னவோ காய்ச்சல் பார்க்கிற படிப்புக்குப் போகிறேன் என்கிறாள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றீர்கள். அப்புறம் உங்கள் மகளிடமும் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் போக நினைப்பது தொற்றுநோய் மருத்துவத்துக்கு. அவள் மனதை மாற்ற நான் முயலப்போவதில்லை. ஆனால் எந்த இடத்தில் சேர்கிறாள் என்பதில் நாம் இருவரும் கவனமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எம்.டி. படிக்கும்போது நடந்த ஒன்றை அவள் சொன்னாள். உங்களிடம் சொல்லியிருக்கிறாளா தெரியவில்லை. ஆறு நாள் காய்ச்சலோடு ஒரு விவசாயி வந்திருக்கிறார். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைஃபாய்டும் இல்லை. மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ரவுண்ட்ஸ் வந்த மூத்த டாக்டர் அவருடைய அரைஞாண் கயிற்றைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்திருக்கிறார். கயிற்றுக்கு அடியில், பீடியால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே அது தெரியாது. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. "பத்து டெஸ்ட் எடுத்தோம் சார், யாரும் அந்தக் கயிற்றைத் தூக்கிப் பார்க்கவில்லை" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் துறையின் வேலை இதுதான். சர்க்கரை நோயாளிக்கு நுரையீரலில் சீழ் கட்டினால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதுண்டு. அது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவால் வரும் மீலியாய்டோசிஸாக இருக்கலாம். சிறுநீரகம் மாற்றியவருக்குக் காய்ச்சல், கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல், மூட்டு மாற்றிய இடத்தில் சீழ் என்று எல்லாத் துறையினரும் தொற்றுநோய் டாக்டர்களைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று சொல்வது சின்ன வேலை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் உயிர் அதில்தான் நிற்கிறது. இந்தத் துறை நமக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அவற்றைச் சோதித்தது வேலூர் சி.எம்.சி.

சரி, வழிகள். எம்.டி. பொது மருத்துவம் முடித்தவருக்கு முதன்மையானது, எம்.டி.க்கு மேற்பட்ட உயர்சிறப்புப் பட்டமான மூன்று ஆண்டு டி.எம். டெல்லி எய்ம்ஸில் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, கொச்சி அம்ரிதாவில் இருக்கிறது. இன்னும் சில இடங்களிலும் உண்டு. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை. மற்ற இடங்களுக்கு நீட்-எஸ்.எஸ். தேர்வு. இடங்கள் குறைவு என்பதால் இரண்டையும் எழுதட்டும். எய்ம்ஸில் டி.எம். படிப்பவர்களுக்கு சீனியர் ரெசிடென்ட் சம்பளம். அடிப்படை மட்டும் மாதம் 67,700 ரூபாய், படிகள் தனி. இன்னும் மூன்று வருடம் நீங்கள் பணம் அனுப்ப வேண்டியிருக்குமோ என்று கேட்டீர்களே, அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் உறவினர் ஒருவர் சொன்ன ஓராண்டு 'ஃபெலோஷிப்' பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்தப் பெயரில் சில மாத ஆன்லைன் சான்றிதழ் முதல் முழுநேரப் பயிற்சி வரை எல்லாம் விற்கிறார்கள். முன்பு ஒரு மாணவருக்கு நானே இதைச் சரியாக விசாரிக்காமல் தலையாட்டிவிட்டேன். ஒரு வருடம் கழித்து அவர் கொண்டுவந்த சான்றிதழை, வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் தகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

அங்கீகாரம் இருந்தாலும் போதாது. மருத்துவமனைக்குள்ளேயே மைக்ரோபயாலஜி லேப் இருக்கிறதா, பயிற்சி மருத்துவர் அங்கே போய் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்களா, உறுப்பு மாற்று நோயாளிகள் வருகிறார்களா, எச்.ஐ.வி., காசநோய் வெளிநோயாளிப் பிரிவு உண்டா என்றெல்லாம் அவள் நேரில் போய்க் கேட்க வேண்டும். பெரிய பெயர் இருந்தும் லேப் வெளியூரில் இருந்தால் நான் அதைக் கீழேதான் வைப்பேன்.

அமெரிக்கா பற்றியும் கேட்டீர்கள். இங்கே எம்.டி. முடித்திருந்தாலும் அங்கே மறுபடி மூன்று ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, அதற்கு மேல் இரண்டு ஆண்டு ஃபெலோஷிப். ரெசிடென்சி கிடைப்பதுதான் கஷ்டம். அதைத் தாண்டினால் இந்தத் துறையில் இடம் கிடைப்பது மற்றவற்றைவிட எளிது. பயிற்சி இடங்களை ஒதுக்கும் 2022 டிசம்பர் 'மேட்ச்' முறையில் தொற்றுநோய்ப் பயிற்சித் திட்டங்களில் 56 சதவீதம்தான் முழுதாக நிரம்பின. காரணம் சம்பளம். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் போனால், முடித்ததும் இரண்டு ஆண்டு இந்தியா திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் தட்டுப்பாடுள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். அவளுக்கு நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பணத்தை மறைத்துப் பேச எனக்குப் பிடிக்காது. ஸ்டென்ட் வைப்பவருக்கு வருகிற வருமானம் இதில் வராது. இங்கே கையால் செய்கிற சிகிச்சை குறைவு, யோசனைக்குத்தான் கட்டணம். ஆனால் வேலை இருக்கிறது. உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகளுக்கு இவர்கள் தேவை, மருத்துவமனைகளின் தரத்துக்குத் தரப்படும் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டம் கட்டாயம்.

"அவளுக்கே ஏதாவது ஒட்டிக்கொண்டால்?" என்று அவள் அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எம்.டி.யில் மூன்று வருடம் அதே நோயாளிகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எப்படித் தொற்றும், எப்படித் தடுப்பது என்பதையே தொழிலாகப் படிக்கிறவள் மற்ற டாக்டர்களைவிடக் கவனமாகத்தான் இருப்பாள். இதை அம்மாவிடம் அவளே சொல்லட்டும்.

இந்த மாதத்துக்குள் அவள் வேலூர் போய், அனுமதி வாங்கி ஒரு நாள் ரவுண்ட்ஸில் நிற்க ஏற்பாடு செய்துகொள்ளட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். திரும்பியதும் மூவரும் உட்கார்ந்து எந்தெந்த இடம் என்ற விருப்பப் பட்டியலை எழுதுவோம்.