செவ்வாயில் ஓடியது ஆறுதானா?

கேள்வி: ஐயா, செவ்வாயில் ஆறு ஓடிய தடம் இருக்கிறது என்கிறார்கள். இப்போது அங்கே ஓடுகிற தண்ணீரே இல்லையே, காற்று அரித்த பள்ளமாக இருக்கக் கூடாதா?
– கல்லூரி மாணவர், ஆற்றங்கரை

பதில்: வைகை கடலில் சேரும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள் தம்பி. பெரிய கண்மாயைத் தாண்டி உங்கள் ஊர்வரை தண்ணீர் வருவதே அபூர்வம். ஆனாலும் காய்ந்து கிடக்கும் படுகையைப் பார்த்து, இது காற்றின் வேலை என்று உங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். செவ்வாயிலும் அதே கதைதான். 1971-இல் அதைச் சுற்றத் தொடங்கிய மரைனர் 9 எடுத்த படங்களில், சிறு ஓடைகள் சேர்ந்து பெரிய ஓடையாகிச் சரிவில் இறங்குவது தெரிந்தது. காற்று அப்படிக் கிளைகளைச் சேர்த்துக்கொண்டு போகாது.

படத்தைவிட நான் பெரிதாக மதிப்பது கூழாங்கல்லை. 2012-இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி என்ற ஆய்வு ஊர்தி, பாறைக்குள் இறுகிப்போன உருண்டைக் கற்களைக் கண்டது. சில கற்கள் காற்றால் தூக்கவே முடியாத அளவு பெரியவை. உருண்டு தேய்ந்து வழவழப்பாக வேண்டுமென்றால் தண்ணீர்தான் இழுத்து வந்திருக்க வேண்டும். கணுக்கால் முதல் இடுப்புவரை ஆழம் இருந்திருக்கும் என்றுகூடக் கணக்கிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! அப்புறம் 2021-இல் பெர்செவரன்ஸ் என்ற இன்னொரு ஊர்தி இறங்கிய ஜெசெரோ பள்ளத்தில், ஆறு ஏரியில் கலந்து வண்டல் கொட்டிய கழிமுகமே இருக்கிறது.

இதெல்லாம் பெரும்பாலும் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. இப்போது அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரை ஊற்றினால் கொதித்தோ உறைந்தோ போய்விடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள மரைனர் பள்ளத்தாக்கையும் ஆறு வெட்டியதாகப் பள்ளி மேடைகளில் பேசுகிறார்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. அது முக்கியமாக நிலம் இழுபட்டு, விரிந்து, உள்வாங்கிய பிளவு. பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளியிலும் கால்வாய் உண்டாமே?
– ஆசிரியை, தொண்டி

பதில்: உண்டு அம்மா. மெகல்லன் விண்கலம் ராடாரால் கண்டது. பால்டிஸ் என்று பெயர். சுமார் 6,800 கிலோமீட்டர், நம் நைல் நதியையும் மிஞ்சும் நீளம். ஆனால் அங்கே தரையின் வெப்பம் 460 டிகிரி செல்சியஸ். அதில் தண்ணீர் ஓட வழியில்லை. எரிமலைக் குழம்பு ஓடிய தடம் அது என்றே கொள்கிறார்கள்.