சால்வையும் கலெக்டரும்

அன்புள்ள ஐயா,

நான் வணிகவரித் துறையில் எழுத்தர். அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் அந்நாட்டுச் சேலம் துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்தார், ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டார் என்று படித்தேன். கட்சி தயவில் கிடைக்கும் வேலை எழுத்தாளனுக்கு நல்லதா? அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நியூயார்க் சுங்கக் கலெக்டர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட் அரசுப் பணத்தோடு ஐரோப்பாவுக்கு ஓடியிருக்கிறார். கட்சிக்காரனை உட்காரவைத்தால் திருட்டுதான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அன்றே வேலைக்குத் தேர்வு வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் அல்லவா?

ர.

அன்புள்ள ர.,

பகலெல்லாம் கோப்பு புரட்டிவிட்டு இரவில் ஹாதோர்னை எடுத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். சந்தோஷமாக இருக்கிறது. அவர் கதை எளிது. 1846இல் ஜனநாயகக் கட்சி தயவில் வந்தார், எதிர்க்கட்சியான விக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1849இல் வெளியே போனார், மறு ஆண்டே தன் புகழ்பெற்ற நாவலை வெளியிட்டார். இதைப் பார்த்து எழுத்தாளர்களை வேலையிலிருந்து துரத்த யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

தேர்வும் வந்தது, 1883இல். குமாஸ்தாக்கள் எழுதினார்கள், கலெக்டரை அப்போதும் ஜனாதிபதிதான் நியமித்தார். 1890இல் இறக்குமதிச் சரக்கை மதிப்பிட ஒன்பது பேர் கொண்ட வாரியம் அமைத்தபோது, ஒரே கட்சியினர் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கட்சியே இல்லாத ஆளைத் தேடும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை.

ஸ்வார்ட்வவுட் விஷயம்தான் கொஞ்ச நாளாக என்னைக் குடைகிறது. தன் மந்திரி வான் பியூரன் வேண்டாம் என்று சொல்லியும் 1829இல் ஜனாதிபதி ஜாக்சன் அவரை நியமித்தார். போனது ஏறத்தாழ 12 லட்சம் டாலர். அவர் யோக்கியர் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் 'திருடன்' என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறீர்களே! வரிப் பணத்தோடு தினமும் பழகுகிறவர் நீங்கள். அந்தப் பணம் ஏன் அவர் கையில் கிடந்தது என்று கேட்க வேண்டாமா?

ஒரு சால்வையில் தொடங்குவோம். உடம்பு வொர்ஸ்டட், அதாவது சீவிய கம்பளி நூல், கரை பருத்தி. கம்பளித் துணி என்று சொல்லிக் கலெக்டர் கூடுதல் வரி கேட்கிறார். சந்தையில் வொர்ஸ்டட் தனிச் சரக்கு என்கிறார் வியாபாரி. சரக்கு வெளியே வர வேண்டுமே, கட்டிவிட்டு வழக்குப் போட்டார். அதுதான் எலியட் வழக்கு, பிரதிவாதி நம் ஸ்வார்ட்வவுட். 1836இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆட்சேபம் தெரிவித்துக் கட்டியிருந்தால் கலெக்டரே சொந்தப் பொறுப்பில் திருப்பித் தர வேண்டும், பணத்தைக் கருவூலத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று தப்பிக்க முடியாது.

அப்புறம் எந்தக் கலெக்டர் அனுப்புவார்? வழக்கு வந்தால் கொடுக்க வேண்டுமே என்று கையிலேயே வைத்துக்கொண்டார்கள். வரப்புத் தகராறு தீரும்வரை நெல் பஞ்சாயத்துக்காரர் வீட்டுக் குதிரில் இருக்கட்டும் என்று விடுவதுபோல. ஸ்வார்ட்வவுட் சொன்ன சாக்கும் இதுதான். சாக்கு பொய்யாக இருக்கலாம். ஆனால் அது செல்லுபடியாகிற சாக்காக இருந்தது. அடுத்து வந்த ஜெஸ்ஸி ஹோய்ட்டின் கணக்கும் தகராறில்தான் முடிந்தது.

உங்களைப் போலவே எல்லோருக்கும் கோபம் வந்தது. 1839இல் சட்டம் போட்டார்கள்: ஆட்சேபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் கருவூலத்துக்குப் போய்விட வேண்டும். நல்ல சட்டம் என்பீர்கள். 1845இல், கேரி என்பவர் சுங்கக் கலெக்டர்மேல் போட்ட வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பணம் கலெக்டரிடம் இல்லை, ஆகவே அவர்மேல் வழக்குப் போட முடியாது என்றது. அரசின்மேல் வழக்குப் போடவும் வழியில்லை. ஐரோப்பாவுக்கு ஓடியவர் ஒருவர், கதவு சாத்தப்பட்டது ஒழுங்காக வரி கட்டிய வியாபாரிக்கு. ஸ்டோரி என்ற நீதிபதி கடுமையாக மறுத்து எழுதினார். பிப்ரவரி முடிவதற்குள் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், பதறிப்போய் வழக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஸ்டோரியை முதலில் படித்தால் இன்னும் நல்லது. படித்துவிட்டு எழுதுங்கள், இந்தத் தடவை ஹாதோர்ன் வேண்டாம்.