ஊர்ப் பெயர் இல்லாத பயணம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 28 வயது. திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவனாக இருக்கிறேன். சம்பளம் 31,000. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, அக்கா கல்யாணக் கடனுக்கான தவணை எல்லாம் போக நாலாயிரம் கையில் நின்றால் பெரிது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது எங்காவது பயணம் போக வேண்டும் என்பது என் ஆசை. கூடப் படித்தவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் நான் மட்டும் இந்த மேசையிலேயே கிழவனாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு டெலிவரிக்குப் போகலாமா? மாலையில் டியூஷன் எடுக்கலாமா? பயண வீடியோ சேனல் தொடங்கினால் அதுவே செலவைப் பார்த்துக்கொள்ளுமா? அதற்காக 62,000 ரூபாயில் ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். பயணத்துக்கென்றே இப்போது கடன் தருகிறார்கள். கொச்சி டீக்கடைத் தம்பதிகூடக் கடன் வாங்கித்தானே உலகம் சுற்றினார்கள்? மாதம் எவ்வளவு சேர்த்தால் அடிக்கடி போக முடியும் என்று சொல்லுங்கள். அம்மா, ‘ஊர் சுற்றினால் சோறு வருமா’ என்கிறார்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் என் அத்தையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அத்தைக்கு அப்புறம் வருகிறேன்.

வீடியோ சேனலை விட்டுவிடுங்கள். அது தனித் தொழில், அதில் பயணம் ஒரு மூலப்பொருள் மட்டுமே. 62,000 ரூபாய் கேமராவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. டியூஷன் நல்ல வேலைதான், ஆனால் பரீட்சை மாதங்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊருக்குப் போக உங்களுக்கே மனம் வராது. டெலிவரிக்குப் போனால் பெட்ரோல், டயர், பிரேக், முதுகுவலி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். வாரம் முழுக்கத் துணி வாங்கும் நிறுவனத்தின் மெயிலுக்கும் ஷிப்மென்ட் தேதிக்கும் ஓடுகிறவர் ஞாயிற்றுக்கிழமையையும் விற்றுவிட்டால், பயணம் போக எந்த நாள் மிஞ்சும்?

கொச்சித் தம்பதியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். கே.ஆர். விஜயனும் மோகனாவும் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடையை நடத்தினார்கள். 2007இல் முதல் வெளிநாட்டுப் பயணம். பிறகு 25க்கும் மேற்பட்ட நாடுகள். கடன் வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் கடை வருமானத்தில் தினம் 300 ரூபாயை ஒதுக்கி வைத்துவிட்டு, குறைந்த தொகைக்குத்தான் கடன் வாங்கினார்கள். திரும்பி வந்து, அதே கடையில் டீ ஆற்றி அதை அடைத்தார்கள். ரஷ்யா போய்வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார். அவர்களுடைய கதையில் கடன் என்ற ஒரு சொல்லை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு 300 ரூபாயை விட்டுவிட்டீர்களே, அது எனக்கு வருத்தமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தவணை ஓடுகிறவர் இன்னொன்றைத் தொடங்க வேண்டாம். அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, தவணை இருக்கிறது, கேமராவின் விலை இருக்கிறது. ஒரு ஊரின் பெயர் இல்லை. உங்களுடையது என்று ஒரே ஒரு ஊர்கூட இல்லை. எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்? மலைக்கா, கடலுக்கா? எந்தக் கோயில், எந்த ஆறு, எந்தச் சந்தை? ‘எங்காவது’ என்கிறீர்கள். எங்காவது போவதற்கு மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்தத் தொகைக்கு அடியும் கிடையாது, முடியும் கிடையாது. எவ்வளவு சேர்ந்தாலும் போதாது என்றுதான் தோன்றும்.

என் அத்தை எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் காசிக்குப் போக வேண்டும் என்று வந்துவிட்டது. மாமாவின் வருமானத்தில் அது நடக்காது. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்தாள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை. கல்யாண வீடுகளுக்குச் சீர் பட்சணம். வந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பில் போட்டு வைத்தாள். திருப்பதிக்கு முடிந்து வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு, யாரும் தொட மாட்டார்கள். அத்தை அந்த வழக்கத்தைத் தன் ஆசைக்கு அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தொகை தெரியும். அதுதான் முக்கியம். காசிக்குப் போய்வந்தவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் தேடிப் போய்க் கேட்பாள். சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், இரண்டு பேருக்கு டிக்கெட் எவ்வளவு. நகரத்தார் சத்திரத்தில் தங்கலாமா, சாப்பாடு உண்டா. படகுக்கு என்ன, திதி கொடுக்க என்ன, தட்சணை எங்கே நிற்கும். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்துப் பிரயாகையில் கரைக்க வேண்டும், திரும்பிக் கங்கை நீரை ராமேஸ்வரத்தில் சேர்க்க வேண்டும், ஆகவே அந்தப் போக்குவரத்தும் கணக்கில் வரும். மளிகைக் கடை அட்டையின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். ரயில்வேயில் இருந்த ஒருவர், புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடிகிற சுற்றுப் பயணச் சீட்டு எடுத்தால் குறையும் என்று சொன்னதும், எழுதிய தொகையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். முறுக்கு எத்தனை படி போட வேண்டும் என்பது அந்த அட்டையிலிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் நான் பிளஸ் டூ. பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அப்பாவிடம் இல்லை. அத்தையிடம் ஓடினேன். செம்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், அதையே கண்ணால் காட்டினேன். “அது காசிக்குப் போயிடுச்சுடா” என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று இரவே யாரோ ஒரு வீட்டின் வளைகாப்புக்கு ஆர்டர் பிடித்து, விடிய விடிய அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, மூன்றாம் நாள் பரீட்சைப் பணத்தை என் கையில் வைத்தாள். செம்பைத் தொடவில்லை.

பின்னாளில் அவளைப் பற்றி உறவுக்குள் பேச்சு வரும்போதெல்லாம், பிள்ளையின் படிப்பைவிடக் காசி பெரிதாகப் போய்விட்டதா என்று ஒருவராவது கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் துளியும் சம்மதமில்லை. அந்தச் செம்பை ஒரு முறை எனக்காகத் திறந்திருந்தால், அடுத்த மாதம் உரத்துக்குத் திறந்திருப்பாள், அதற்கடுத்து மாமாவின் தங்கை வளைகாப்புக்கு. எல்லாமே நியாயமான செலவுகள்தான். நம் வீடுகளில் பெண்களின் ஆசைகள் நியாயமான செலவுகளால்தான் கரைந்திருக்கின்றன. அவள் என்னையும் கைவிடவில்லை, காசியையும் கைவிடவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக உழைத்தாள்.

தொகை சேர்ந்ததும் முறுக்குப் போடுவதை நிறுத்தினாள். ஆர்டர் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். போய்வந்தாள். கொஞ்ச காலம் கழித்துப் பண்டரிபுரம் என்று ஒரு புது அட்டை எழுதினாள், அடுப்பு மறுபடியும் எரிந்தது. அப்புறம் பூரி ஜெகந்நாதர் கோயில். அவள் அடிக்கடி பயணம் போனவள்தான் எஸ்., ஆனால் ‘அடிக்கடி’க்காக ஒரு நாளும் அவள் சேர்த்ததில்லை. உங்களுடைய டெலிவரி யோசனையில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். அந்த வேலை எந்த ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று நீங்கள் எழுதவே இல்லை.

சரி, ஊர்ப் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஹம்பி என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரிலிருந்து இரவு ரயிலில் பெங்களூர். அங்கே ஒரு பகல். இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹோஸ்பேட். அங்கிருந்து அரைமணி நேர பஸ். போகவர ஸ்லீப்பர், சாதாரண அறையில் இரண்டு இரவு, சாப்பாடு, வாடகை சைக்கிள், விட்டலர் கோயிலுக்கு நுழைவுச் சீட்டு 40 ரூபாய். நான் கூட்டிப் பார்த்தவரை ஐயாயிரத்துக்குள் முடிகிறது. சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் காய்ந்து கொதிக்கும், ஆகவே கார்த்திகை, மார்கழி. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள். ஆகவே எந்தத் தேதியில் டிக்கெட் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. தத்காலில் அதிகப் பணம் கொடுத்து அல்லாட வேண்டாம். தீபாவளி, பொங்கல் நாட்களில் திருப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கும், அப்போது போகாதீர்கள். போனஸ் வரும்போது அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்து வையுங்கள்.

மாதம் 2,500 வீதம் இரண்டு மாதம். உங்களிடம் மிஞ்சும் நாலாயிரத்துக்குள்ளேயே இது அடங்குகிறது. எந்த டெலிவரியும் வேண்டாம். அமிர்தசரஸ் என்று சொன்னீர்களானால் தொகை ஏறும், மாதங்கள் கூடும். பொற்கோயிலில் லங்கர் என்ற பொதுச் சமையலறையின் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பதால் ரயில் செலவே பெரும் செலவாக இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு அத்தை எடுத்த அந்தச் சுற்றுப் பயணச் சீட்டைப் பற்றி முன்பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். இன்றும் இருக்கிறது. எட்டு இடங்கள் வரை இறங்கி ஏறலாம், தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறையும். படுக்கைக்கு மட்டும் ஒவ்வொரு ரயிலிலும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கும் போதவில்லை என்றால் கூடுதல் வேலை பாருங்கள், ஆனால் இத்தனை வாரம் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். காதர்பேட்டையில் மிச்ச ஆடை விற்கிறவர்களில் வெளியூர் வியாபாரிக்கு ஒழுங்காக ஒரு விலைப்பட்டியல் எழுதித் தர ஆள் தேடுகிறவர்கள் இருப்பார்கள். நிறுவனத்தின் விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைச் சம்பளக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். அங்கே அது எல்லாருக்கும் சொந்தம். வங்கியில் மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. ஆறு மாதத்துக்குப் போடலாம், தனியாக ஒரு கணக்கு வைக்கலாம், அம்மாவிடம் கொடுத்து வைக்கலாம். அதன்மேல் ஊரின் பெயரை எழுதுங்கள்.

அம்மா என்றதும் ஒன்று. ‘ஊர் சுற்றினால் சோறு வருமா’ என்றதை எனக்குப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கடைசியாக ரயிலில் எங்கே கூட்டிப் போனீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரம் வீட்டுக்குப் போனதும், எங்கேம்மா போகணும் என்று கேளுங்கள். முதலில் ஒன்றும் வேண்டாம் என்பார், விடாதீர்கள். ஏதோ ஒரு கோயிலைச் சொல்வார் என்று நினைக்கிறேன், முகம் சுளிக்காதீர்கள். அதை முதல் ஊராக வைத்து, அவருக்கு லோயர் பெர்த் கேட்டு, இரண்டு பேருக்குக் கணக்குப் போடுங்கள். ஊரும் மாதமும் முடிவானதும் எனக்கு எழுதுங்கள். எங்கே ரயில் மாறுவது, எங்கே தங்குவது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.