ஸ்காட்லாந்து பாரிஷ் ஏடுகளில் முன்னோரைத் தேடுதல்: கேட்டவர்களுக்குப் பதில்

கண்டி வாசகர்: எங்கள் முன்னோர் காப்பித் தோட்டத் துரை. 1846-ல் உல்லாபூலில் பிறந்தவர். பாரிஷ் (தேவாலய வட்டாரம்) பதிவேட்டில் ஞானஸ்நானமே இல்லையே?

பதில்: முதலில் ஊர். உல்லாபூல் வழிபாட்டுக்கு மட்டும் தனிப் பாரிஷ். ‘க்வோட் சாக்ரா’ என்பார்கள். நிலமும் ஏழை நிவாரணமும் பழைய லாக்புரூம் பாரிஷின் கணக்கு. அந்த ஏட்டையும் புரட்டுங்கள்.

அதைவிட எனக்குச் சந்தேகம் ஆண்டின் மேல்தான். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற அரசுச் சபையில், போதகரை நியமிப்பது நிலப்பிரபுவா, சபையாரா என்று பத்து வருஷச் சண்டை. 1843 மே 18 அன்று எடின்பரோ பொதுப்பேரவையிலிருந்து போதகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிந்து போனார்கள். உல்லாபூல் இருக்கும் ஹைலண்ட்ஸ் மலைநாட்டில் பல ஊர்ச் சனங்கள் கூண்டோடு. அவர்களுடைய பிள்ளைகளை, பிரிந்தவர்கள் அமைத்த ஃப்ரீ சர்ச்சின் ஏடுகளில் தேட வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசுச் சபையின் கட்டுகளுக்கு சிஎச்2, பிரிந்தவர்களுடையதற்கு சிஎச்3 என்று குறியீடு.

சென்னை: ஒரே ஜோடிக்கு இரண்டு பாரிஷில் கல்யாணப் பதிவு. இரண்டு தரம் கட்டிக்கொண்டார்களா?

பதில்: இல்லை. மாப்பிள்ளை பாரிஷிலும் பெண் பாரிஷிலும் ஓலை (கல்யாண முன்னறிவிப்பு) வாசித்திருக்கிறார்கள்.

கோவை: 1820, கிளாஸ்கோ. எந்தப் பாரிஷ்?

பதில்: தெரு தெரியாமல் சொல்ல முடியாது. நகரை ஒட்டிய பேரனி பாரிஷ் தனி. கோர்பல்ஸ் 1771-ல்தான் கோவன் பாரிஷிலிருந்து பிரிந்தது. இன்றைய வரைபடத்தை மூடிவையுங்கள், 1891-க்குப் பிறகு பல எல்லைகள் மாறின. எத்தனை தடவை சொல்வது!

கொழும்பு: குடும்ப பைபிளில் பெய்ஸ்லி நெசவாளி ஒருவரை ‘பர்கர்’ என்று எழுதியிருக்கிறது. ஒல்லாந்தர் வம்சமா?

பதில்: சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இலங்கையில் ஒல்லாந்தர் வம்சத்தாரைச் சொல்லும் பர்கர் வேறு, இது வேறு. எடின்பரோ, கிளாஸ்கோ, பெர்த் நகரங்களில் நகர உரிமை பெற ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதை எடுக்கலாமா கூடாதா என்று, அரசுச் சபையிலிருந்து முன்பே பிரிந்திருந்த ஒரு சபை 1747-ல் மறுபடி உடைந்தது. எடுக்கலாம் என்றவர்கள் பர்கர், கூடாது என்றவர்கள் எதிர்பர்கர்.

இன்னொருவர் குறுக்கே: பிரிவு 1843-ல் என்றீர்களே?

பதில்: அது பெரிய பிளவு. முதல் பிளவு என்று நான் சொல்லவில்லை. 1733-லேயே எர்ஸ்கின் என்ற போதகரின் கூட்டம் போய்விட்டது, 1747-ல் உடைந்தது அதுதான். 1761-ல் ரிலீஃப் சபை என்று இன்னொன்று பிரிந்தது. பர்கரும் எதிர்பர்கரும் பின்னால் பழைய கொள்கையை விடாத ‘பழைய ஒளி’, அதைத் தளர்த்திய ‘புதிய ஒளி’ என்று வேறு உடைந்தார்கள். இரு பக்கப் புதிய ஒளியினரும் 1820-ல் ஒன்றுசேர்ந்து, 1847-ல் ரிலீஃபோடு இணைந்து யுனைடெட் பிரெஸ்பிட்டேரியன் ஆனார்கள். நெசவாளியை அந்த வழியில் தேடுங்கள்.

மதுரை: 1860-ல் பிறந்தவருக்கு எந்தச் சபை ஏடு?

பதில்: இந்தக் கேள்வி வருவது மூன்றாவது முறை! 1855 ஜனவரி 1 முதல் பிறப்புக்கு அரசுப் பதிவு உண்டு, அங்கே தொடங்குங்கள். கூடவே 1855-ல் பிறந்த உறவினர் யாராவது உண்டா என்று பாருங்கள். அந்த ஒரு வருஷப் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மூத்த பிள்ளைகள் எத்தனை என்பதுவரை இருக்கும்.