வேலையை விடலாமா: வண்ணாரப்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், கடைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள், ஆனால் யாரிடமும் காசு வாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு முதலீட்டாளரைத் தேடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது விடாதீர்கள்.

ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு வழியில் போக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது, ஆனால் அவர் வரலாற்றை வரிசையாகப் பாருங்கள். ஐஐடி, பிரின்ஸ்டன் முனைவர் பட்டம், அமெரிக்காவின் குவால்காம் நிறுவனத்தில் வேலை, அதற்கப்புறம்தான் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், பின்னாளில் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம். தொலைத்தொடர்பு சாதனம் செய்யும் நிறுவனங்களுக்கு நெட்வொர்க் மென்பொருள் விற்றார்கள். 2001 வாக்கில் அந்தத் துறையே சரிந்தது, வாடிக்கையாளர்கள் பலர் காணாமல் போனார்கள். வெளி முதலீடு வாங்காததால் பணத்தைத் திருப்பிக் கேட்டு நெருக்க ஆளில்லை. விற்ற காசில் தாக்குப்பிடித்து நிறுவனங்களின் கணினி வசதிகளைப் பராமரிக்க உதவும் மேனேஜ்எஞ்சின், பிறகு இணையவழி அலுவலக மென்பொருளான ஜோஹோ என்று வேறு பொருட்களுக்கு மாறினார்கள். எனக்கு அந்த வாழ்க்கையில் பெரிதாகத் தெரிவது இந்தப் பகுதிதான். பத்திரிகைகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன.

முதலீடு வாங்குவது தப்பில்லை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் வாங்கித்தான் 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் வரை போனார். ஆனால் அவரும் ஜோஹோவில் பல வருடம் வேலை பார்த்தவர்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: வரும் மாதம் முதல் கடைக்கு ஒரு வருடக் கட்டணம் சொல்லுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே முடியும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தீபாவளி நெரிசலில் பில் நின்றுபோனால் உடனே ஓடிவர ஒருவர் வேண்டும், அதையும் கட்டணத்தில் சேருங்கள். எத்தனை கடை காசு கொடுத்தது என்று இங்கே எழுதுங்கள், அப்புறம் வேலையைப் பற்றிப் பேசுவோம்.